முரசு கேட்ட கேள்வி

வாருங்கள், உட்காருங்கள். நெடுவாய் ஆற்றுக்கு இக்கரையில் ஒரு நாடு இருந்தது. அதை வேழமாறன் என்ற அரசன் ஆண்டான். கெட்டவன் இல்லை. ஆனால் தன் சபையைக் கண்டால் அவனுக்குக் கொஞ்சம் பயம்.

பயம் இருக்காதா? அந்தச் சபையில் வலவரிசை, இடவரிசை என்று இரண்டு வரிசைகள். வலவரிசைக்குத் தலைவர் சேந்தன். இடவரிசைக்குத் தலைவர் பூதன். சேந்தன் மழை வரும் என்றால், பூதன் குடையைத் தூக்கி எறிவார். பூதன் பகல் என்றால், சேந்தன் விளக்கேற்றச் சொல்வார்.

ஒரு நாள் அக்கரை நாட்டார் ஆற்று நடுவே இருந்த மணல்திட்டில் முள்வேலி போட்டார்கள். இரண்டு நாட்டு மாடும் மேய்ந்த திட்டு அது. உடனே போர் என்றார் சேந்தன். கூடவே கூடாது என்றார் பூதன். பத்து நாள் கத்தினார்கள். மந்திரிப் பதவி அப்போது சேந்தன் கையில் இருந்ததால், பதினோராம் நாள் அரசன் போர் என்று முடிவு செய்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பத்து வருடத்துக்கு முன்னாலும் ஒரு போர் நடந்தது. அன்று போர் வேண்டும் என்று தொடை தட்டியவர் பூதன். வேண்டாம் என்று கண்ணீர் விட்டவர் சேந்தன். அன்று பதவி பூதனிடம் இருந்தது, வேறொன்றுமில்லை.

அந்த நாட்டில் போர்முரசு அடித்தால்தான் படை நகரும். முரசைக் காத்து வந்தவள் கொற்றி. அடிக்கும் முன் அரசன் அவளைப் பார்த்து, "முரசுக்குக் கேள்வி உண்டா?" என்று கேட்க வேண்டும். அவள் "இல்லை" என்பாள். பிறகு அடிப்பாள். முதல் அரசன் வைத்த வழக்கம் அது. எதற்காக வைத்தான் என்பதை எல்லோரும் மறந்து போனார்கள். சாப்பிட உட்காருமுன் கை கழுவுவது போல அதுவும் ஒரு சடங்காகிவிட்டது.

பத்து வருடத்துக்கு முன்னாலும் கொற்றி "இல்லை" என்றுதான் சொன்னாள். அவள் அடித்த சத்தம் கேட்டு அவள் தம்பி வேல் எடுத்துப் போனான். திரும்பி வரவில்லை. இப்போது அவள் கணவன் எயினன் ஆற்றங்கரையில், படையின் முதல் வரிசையில், முரசுச் சத்தத்துக்காகக் காத்து நின்றான்.

சபை கூடியது. அரசன் வழக்கம்போலக் கேட்டான்.

"முரசுக்குக் கேள்வி உண்டா?"

"உண்டுங்க மகாராஜா" என்றாள் கொற்றி.

சேந்தன்தான் முதலில் எழுந்தார்.

"அடிக்க மாட்டேங்குறா. இவ கையை வெட்டுங்க."

கொற்றி இரண்டு கையையும் நீட்டினாள். "வெட்டுங்க. ஆனா கேள்வி உண்டுன்னு சொல்லியாச்சு. கையை வெட்டினா சொன்னது இல்லேன்னு ஆயிடாது. போன தடவை இந்தக் கைதான் என் தம்பியை அனுப்பிச்சது. அதுக்கு அப்பவே வெட்டியிருக்கணும்."

"கேள்" என்றான் அரசன்.

"ஒரே கேள்விதாங்க. போர் வேணும்கிறவங்க ஏன் வேணும்னு சொல்லட்டும். வேணாம்கிறவங்க ஏன் வேணாம்னு சொல்லட்டும். முரசு மேல கை வச்சுச் சொல்லணும். எதிர்வரிசையைப் பத்தி ஒரு பேச்சு வரக் கூடாது. வந்தா விரலால தட்டுவேன், பேசினவர் உட்காரணும்."

இவ்வளவுதானா என்று சிரித்துக்கொண்டே சேந்தன் முரசில் கை வைத்தார்.

"அக்கரைக்காரன் நம்ம திட்டுல வேலி போட்டுட்டான். நம்ம மாடு பட்டினி கிடக்குது. இதைத் தட்டிக் கேட்கத் துப்பில்லாத இந்த இடவரிசை..."

தும்.

"சரி, சரி. நாட்டோட மானம் போகுது. அதை விக்கத் துணிஞ்ச பூதன்..."

தும்.

மூன்றாம் முறை வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றார். பூதனை எடுத்துவிட்டால் அவருக்குள் பேச ஒன்றும் மிச்சமில்லை. போய் உட்கார்ந்தார்.

இடவரிசை கைகொட்டிச் சிரித்தது. பூதன் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்தார்.

"போர்னா உயிர் போகும். வயல் தரிசாக் கிடக்கும். பெண்டு பிள்ளைங்க அழுவாங்க. இது தெரியாத மண்டூகம் சேந்தன்..."

தும்.

"இந்தாம்மா, நான் உனக்குச் சாதகமாத்தானே பேசுறேன்?"

"ஆமாங்க. நீங்க சொன்னது அத்தனையும் நெசம். என் தம்பி போறப்பவும் அது நெசமாத்தான் இருந்துச்சு. அன்னிக்கு நீங்கதானே போகச் சொன்னீங்க?"

பூதன் தன் கால்விரலைப் பார்த்தார். மேல்துண்டு நழுவி விழுந்தது. அதை எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

கடைசியில் அரசனே இறங்கி வந்தான். முரசில் கை வைத்தான்.

"திட்டு நமக்கும் உரியது" என்றான். "வேலி போட்டது தப்பு. வேலியைப் பிரிக்கச் சொல்லி நான் ஒரு ஆளைக்கூட அக்கரைக்கு அனுப்பல. அனுப்பியிருக்கலாம். ஆனா பத்து நாள் பேசியாச்சு, முடிவும் சொல்லியாச்சு. இப்போ நான் பின்வாங்கினா இடவரிசை என்னைப் பார்த்து..."

நிறுத்தினான்.

கொற்றி தட்டவில்லை. அவள் விரல் அப்படியே இருந்தது. அரசன் அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு முரசைப் பார்த்தான். தன் விரலாலேயே அதைத் தட்டினான்.

தும்.

அன்று முரசு அதற்கு மேல் ஒலிக்கவில்லை.

படகில் ஆள் போனான். அக்கரையாருடன் பேசிப் பேசி மூன்று மாதம் ஆயிற்று. திட்டில் பாதிதான் கிடைத்தது. பாதியை விட்டுவிட்டார்கள் என்று சேந்தன் கத்தினார். தான் பேசியிருந்தால் முழுதும் கிடைத்திருக்கும் என்று பூதன் கத்தினார். கத்தட்டும். மாடுகள் மேய்ந்தன.

சபை கலைந்த அன்று இரவே எயினன் வீட்டுக்கு வந்திருந்தான். வேலை மூலையில் சாய்த்தான்.

"காது வலிக்கக் காத்து நின்னோம். ஏன் நீ அடிக்கலே?"

"கேள்வி இருந்துச்சு" என்றாள் கொற்றி.

"என்ன கேள்வி?"

அவள் சோற்றைப் போட்டாள். பத்து வருடத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்று சொல்ல வாயெடுத்தாள். தம்பி உட்காரும் இடம் கண்ணில் பட்டது. அழுதாள். எயினன் சாப்பிடாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

அதற்குப் பிறகு அந்த நாட்டில் முரசு காத்த எவரும் யோசிக்காமல் "இல்லை" என்று சொன்னதில்லை.

கேட்டீர்களா? தன் எதிர்க்கட்சிக்காரனைத் திட்டாமல் போருக்குக் காரணம் சொல்லத் தெரியாதவனுக்கு, ஊரார் பிள்ளையைப் போருக்கு அனுப்ப உரிமை இல்லை.