சுற்றிப் போடா

"உண்மையைத்தான் சொன்னேன், தாயி. அப்புறம் ஏன் பொய் சொன்ன மாதிரியே இருக்கு?"

மாசிலாமணி இதைக் கேட்டது கல்குளத்தம்மாவிடம். கேட்கும்போது அவர் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. களத்தில் நின்ற டிராக்டரையும் பார்க்கவில்லை. நடுவில் ஏதோ ஒரு இடத்தில் கண்ணை வைத்துக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. மாசிலாமணிக்கு ஐம்பத்திரண்டு. மகள் வயதுக்காரியிடம் போய் ஞானம் கேட்கிறாயே என்று ஊரில் கேலி செய்பவர்கள் உண்டு. கேலி செய்தவர்களும் வீட்டில் ஏதாவது நடந்துவிட்டால் இந்த மடத்து வாசலில்தான் வந்து நின்றார்கள்.

அம்மா யாருக்கும் பிரசங்கம் செய்ததில்லை. கேள்விதான் கேட்பார். அதற்குப் பயந்தே பல பேர் இரண்டாம் தடவை வருவதில்லை.

மடம் என்பதும் பெரிய வார்த்தைதான். குளத்தங்கரையில் ஓடு போட்ட இரண்டு அறை, அதைச் சுற்றி மூன்று ஏக்கர் கரிசல். அதில் விளைந்த மக்காச்சோளக் கதிர் களத்தில் குவிந்து கிடந்தது. அதை அடித்துக் கொடுக்கச் சொல்லி மாசிலாமணியை டிராக்டரோடு அனுப்பியிருந்தார் வண்டியின் முதலாளி.

அவர் வந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. டிராக்டருக்குப் பின்னால் கதிரடிக்கும் மிஷினையும் மாட்டியாகிவிட்டது. சாவியைத் திருப்ப மட்டும் கை வரவில்லை.

"யார்கிட்ட என்ன உண்மையைச் சொன்னீங்க, அண்ணே?" என்று கேட்டார் அம்மா.

மாசிலாமணி சொன்னார்.

முப்பத்தொரு நாளைக்கு முன்பு இதே டிராக்டர், இதே மிஷின், வேறு ஒரு களம். மாசிலாமணிக்குக் கூடமாட வேலை செய்ய எட்டு மாதமாக ஒரு பையன் இருந்தான். பெயர் கவியரசன். போன ஆவணியில்தான் பதினெட்டு முடிந்தது. சுறுசுறுப்பு என்றால் அப்படி ஒரு சுறுசுறுப்பு. ஒரு வேலையைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வேலையில் இருப்பான்.

டிராக்டரின் பின்புறத்திலிருந்து மிஷின் வரைக்கும் ஒரு இரும்புத் தண்டு போகும். ஷாஃப்ட் என்பார்கள். அது சுழன்றால்தான் மிஷின் ஓடும், கதிர் உதிரும். முழங்கால் உயரத்தில் இருக்கும். முழு வேகத்தில் சுற்றும்போது அது சுற்றுவதே கண்ணுக்குத் தெரியாது. சும்மா கிடக்கிற கம்பி என்றுதான் தோன்றும்.

அதற்கு ஒரு மூடியும் உண்டு. கிரீஸ் வைக்க இடைஞ்சல் என்று மூன்று வருடத்துக்கு முன்பு கழற்றிப் போட்டது. இப்போது முதலாளி வீட்டு ஷெட்டில் அதற்குள் ஒரு கோழி முட்டையிட்டுக்கொண்டிருக்கிறது.

ஷாஃப்டுக்கு இந்தப் பக்கம் கதிர்க் குவியல். அந்தப் பக்கம் சாக்கு. இங்கிருந்து அங்கே போக வேண்டுமென்றால் டிராக்டரின் முன்பக்கமாகச் சுற்றி நடக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு தாண்டு.

கவியரசன் தாண்டினான். தூசிக்காகக் கழுத்தில் போட்டிருந்த துண்டின் நுனி ஷாஃப்டில் சிக்கியது.

மீதியை மாசிலாமணி சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

"பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன் தாயி. அவன் அம்மா பூங்காவனம் வந்து எம்முன்னாடி உக்காந்துச்சு. அழுவல. 'சுத்திப் போடான்னு எம்புள்ளகிட்ட சொன்னியாண்ணே'ன்னு கேட்டுச்சு. சொன்னேன்மா, தெனமும் சொன்னேன்னு சொன்னேன். அது தலையை ஆட்டிட்டு, 'அப்ப அவன்தான் கேக்கல'ன்னுட்டு எந்திரிச்சு உள்ள போயிருச்சு."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து பூங்காவனம் கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். ரேஷன் கடையில் சொல்கிறாள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் சொல்கிறாள். என் மகன் சொல்பேச்சு கேட்காதவன், பெரியவர் அத்தனை தடவை சொல்லியும் கேட்காமல் போய்விட்டான் என்கிறாள். உயிரோடு இருந்தவரை அவனை ஒரு வார்த்தை வைதவளில்லை. செத்த பிறகு தினமும் வைகிறாள்.

மாசிலாமணிக்கு இதைத் தாங்க முடியவில்லை. சோறு இறங்கவில்லை.

"நீங்க சொன்னது நெசந்தானா?" என்றார் அம்மா.

அதற்கு மட்டும் மாசிலாமணி நிமிர்ந்து பார்த்தார். தொண்டை கிழியச் சொல்லியிருப்பதாகவும், காலையில் வண்டியை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே அதைத்தான் சொல்வார் என்றும், கதிர் அள்ளுகிற பொம்பளைகளைக் கேட்டாலே தெரியும் என்றும் சத்தியம் செய்தார். நாளைக் காலையில் ஒரு புதுப் பையன் வருகிறான், அவனிடமும் இதையேதான் சொல்லப்போகிறேன், வேறு என்னத்தைச் சொல்வது என்றார்.

அம்மா களத்தில் நின்ற டிராக்டரைப் பார்த்தார்.

"சுத்திப் போனா எத்தனை எட்டு வைக்கணும்?"

"என்ன தாயி?"

"வண்டியைச் சுத்தி அந்தப் பக்கம் போக. எத்தனை எட்டு?"

மாசிலாமணிக்கு உள்ளுக்குள் எரிச்சல் வந்தது. செத்துப்போன பிள்ளையைப் பற்றிக் கேட்க வந்தால் இந்த அம்மா களத்தை அளக்கிறாரே என்று நினைத்தார்.

"ஒரு பத்து இருக்கும்."

"இருக்குமா?"

மாசிலாமணி வண்டியை ஒரு தடவை கண்ணால் அளந்தார். இருபத்தெட்டு வருடமாக டிராக்டர் ஓட்டுகிறார். எந்த நட்டு எந்த அளவு என்று இருட்டில் தடவிச் சொல்லிவிடுவார். இது மட்டும் தெரியவில்லை.

அம்மா அடுத்ததைக் கேட்டார். அந்த நேரத்தில் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்றார். வண்டிக்கு முன்னால், ரேடியேட்டர் பக்கம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன் என்றார் மாசிலாமணி. முதுகு மிஷின் பக்கம் இருந்தது. மிஷின் ஓடும் சத்தம் மாறியதும்தான் திரும்பினார். திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது.

"அவன் தாண்டினதை நீங்க பாக்கல."

"பாக்கல தாயி. பாத்திருந்தா சும்மா இருந்திருப்பேனா? ஓடிப்போய் இழுத்திருக்க மாட்டேனா?"

இந்த ஒரு மாதத்தில் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட ஆறுதல் இது ஒன்றுதான்.

அம்மா எழுந்தார். வெயிலில் இறங்கி டிராக்டர் பக்கம் போனார். போய் நின்றுகொண்டு கையை நீட்டிச் சாவியைக் கேட்டார்.

மாசிலாமணி மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"அவன் எப்படித் தாண்டினான்னு காட்டுங்க, அண்ணே."

மாசிலாமணி மாட்டேன் என்று தலையசைத்தார். என்னால் முடியாது, வேறு எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள், செய்கிறேன் என்றார். அம்மா மறுபடி சொல்லவில்லை. நகரவும் இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

கடைசியில் மாசிலாமணி வந்தார். இடப்பக்கப் பின் சக்கரத்தை ஒட்டி நின்றார். வண்டி ஓடவில்லை, ஷாஃப்ட் அசையவில்லை, சாவி அம்மாவிடம் இருக்கிறது. அப்படியிருந்தும் ஒரு தடவை ஷாஃப்டைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

கண்ணை மூடித் திறந்தார்.

தொங்கிக்கொண்டிருந்த துண்டின் நுனியை எடுத்துத் தோளுக்குப் பின்னால் வீசினார். இடது கையை மட்கார்டு விளிம்பில் ஊன்றினார். இடது காலைக் கீழே மிஷினை மாட்டும் கொக்கிப் பட்டையில் வைத்தார். குனிந்த வாக்கில் வலது காலை ஷாஃப்டுக்கு மேலே வீசி அந்தப் பக்கம் இறங்கினார். இறங்கியதும் இரண்டு கையையும் ஒரு தட்டுத் தட்டித் தூசி உதறினார்.

கண் இமைக்கிற நேரம்தான். ஐம்பத்திரண்டு வயது உடம்பு பையன் உடம்பு மாதிரி தாண்டி இறங்கியது. குனிந்ததில் துண்டின் நுனி தோளிலிருந்து நழுவி மறுபடி முன்னால் வந்து தொங்கியது.

ஷாஃப்டுக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் அம்மா.

"இடது காலைத்தான் முதல்ல வச்சானா?"

"ஆமா தாயி."

"துண்டை இப்படித்தான் வீசுனானா?"

"ஆமா. இப்படித்தான்."

"எறங்குனதும் கையைத் தட்டிக்குவானா?"

"தட்டிக்குவான் தாயி. எப்பவும் தட்டிக்குவான்."

அம்மா அவரையே பார்த்தார்.

"எட்டு மாசத்துல ஒரு தடவை அவன் தாண்டிப் பாத்திருக்கீங்களா?"

மாசிலாமணி யோசித்தார். நன்றாக யோசித்தார்.

"இல்ல தாயி. எம்முன்னாடி அவன் தாண்டவே மாட்டான். அவ்வளவு மரியாதை."

"அப்புறம் எப்படி அண்ணே தெரியும், எந்தக் கால்னு?"

குளத்தில் யாரோ துணி துவைக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

மாசிலாமணி தன் இடது காலைக் குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு மட்கார்டில் அவர் கை வைக்கும் இடத்தைப் பார்த்தார். இருபத்தெட்டு வருடமாகப் பட்டுப் பட்டு அந்த இடத்தில் பெயின்ட் போய்த் தகரம் வழவழத்துக் கிடந்தது. கடைசி எட்டு மாதம் கவியரசன் அதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா நிற்கிற இடத்துக்கு வர வேண்டும். பழக்கத்தில் கால் எழுந்தது. எழுந்த காலை மாசிலாமணி கீழே வைத்தார்.

திரும்பி முன்பக்கமாக நடக்க ஆரம்பித்தார். வலப்பக்கச் சக்கரத்தைக் கடந்து, ரேடியேட்டரைச் சுற்றி, இடப்பக்கமாக வந்தார். நடக்கும்போது உதடு அசைந்துகொண்டிருந்தது. அம்மாவின் முன்னால் வந்து நின்றபோது கண்ணீர் மோவாயில் வழிந்தது. அவர் துடைக்கவில்லை.

"பதினேழு, தாயி."

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை நீட்டினார்.

மாசிலாமணி அதை வாங்கவில்லை. டிராக்டரை அப்படியே விட்டுவிட்டு, பூங்காவனத்தின் வீடு இருக்கிற தெருவைப் பார்த்து நடந்தார்.