கிளையில் தங்கிய விதை

மலையடிவார மடத்து மாந்தோப்பில், மரங்கள் பூப்பதற்கு முன்பே புல்லுருவிகளை வெட்டி நீக்குவது ஆண்டுதோறும் வழக்கம். அவ்வாண்டு மரமேறியவன் உமாபதி. கைக்குழந்தையாய் மடத்து வாயிலில் விடப்பட்டு, அங்கேயே வளர்ந்து, சீடனாகி, நரையும் கண்டவன்.

கீழே விழுந்த கிளைகளை இழுத்துக்கொண்டிருந்த சமையற்காரர் சடையாண்டி அண்ணாந்து சிரித்தார்.

"உன் பங்காளியை நீயே வெட்டலாமா, உமாபதி? அதற்கும் மண்ணில் வேர் கிடையாது. அடுத்தவன் மரத்துச் சாறுதான்."

உமாபதி மரத்திலிருந்து இறங்கினான். அரிவாளைத் துடைத்து வைத்துவிட்டு, குரு நெறிவாணரிடம் சென்று, தன் தாயைத் தேடிப் போவதாகக் கூறி விடை கேட்டான். எந்த ஊருக்கு என்று அவர் வினவினார். தெரியாது என்றான். தாயின் பெயரும் தெரியாது. போகுமுன் ஒன்றை மட்டும் அறிய விரும்பினான்: புல்லுருவி என்னும் சொல் எதிலிருந்து வந்தது?

தமிழ்ச் சொல்லின் பிறப்பைத் தாம் உறுதியாக அறியவில்லை என்று குரு ஒப்புக்கொண்டார். மேலைநாட்டில் அதன் இனச்செடி ஒன்றுக்கு வழங்கும் பெயரை மட்டும் விளக்கினார். பறவையின் எச்சம் பட்ட கிளையில் அது முளைப்பதைக் கண்டவர்கள், 'எச்சக் குச்சி' என்னும் பொருளில் அதை அழைத்தார்களாம்.

உமாபதி தலை குனிந்தான்.

"அப்படியானால் சடையாண்டி குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார், சுவாமி."

நெறிவாணர் எழுந்து தோப்புக்கு நடந்தார். வெட்டுண்டு கிடந்த புல்லுருவியிலிருந்து பழுத்த கனி ஒன்றைப் பறித்து, அவன் விரல்மேல் பிதுக்கினார். பசை மூடிய விதை வெளிவந்தது.

"உதறு."

உதறினான், விழவில்லை. மற்றொரு விரலால் வழித்தான், அவ்விரலைப் பற்றிக்கொண்டது. இலையில் துடைத்தான், நூலாய் நீண்டு, மீண்டும் விரலுக்கே வந்தது. முடிவில் தாழ்ந்திருந்த மாங்கிளை ஒன்றில் அழுத்தித் தேய்த்தான். தோல் சிவந்த பிறகே விதை கிளையில் தங்கியது.

பறவையும் இவ்வாறுதான் உடலைக் கிளையில் தேய்த்து அதனை விடும் என்றார் குரு.

உமாபதி விதையையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்பு, அதுவரை எவரிடமும் கேளாததைக் கேட்டான்.

"என்னை வாயிலில் விட்டுவிட்டு அவளால் எப்படிப் போக முடிந்தது, சுவாமி?"

குரு அவன் கையைப் பற்றித் திருப்பினார். சிவந்திருந்த விரலைத் தம் மேல்துண்டால் மெல்லத் துடைத்தார்.

"இந்த விதையை நீ எப்படி விட்டாய், அப்பா?"