ஏணிப்படித் தழும்பு

கொன்றையூர்த் தண்டாயுதபாணி கோயிலில் சிவனணைந்தார் செய்துவந்த தொண்டு மிக எளியது. கோபுரத்தின் இடுக்குகளில் பறவை எச்சத்தால் முளைக்கும் அரசங்கன்றுகளை வேரோடு பிடுங்குவார். பகலெல்லாம் வீடுகளுக்கு வெள்ளையடித்துவிட்டு, மாலையில் மூங்கில் ஏணியைச் சுமந்து வருவார். இருபத்துநான்கு படிகள். படிக்கொரு முறை "முருகா" என்பார்.

நாற்பது ஆண்டுகள் அப்படி ஏறிய உடம்பு அது. உள்ளங்காலின் குழிவு கட்டையாகிவிட்டது. படியில் அழுந்தி அழுந்தி இரண்டு கணைக்கால் எலும்புகளிலும் குறுக்கே கறுத்த தழும்பு விழுந்திருந்தது. காலையில் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தித்தான் சோற்றில் கைவைப்பார்.

ஒரு ஐப்பசியில், கோபுரத்தின் இரண்டாம் நிலையில் முளைத்த கன்றைப் பிடுங்கக் கை நீட்டியவர் நிறுத்திக்கொண்டார். கிளையில் மணிப்புறா முட்டை மேல் படுத்திருந்தது. "குஞ்சு பறக்கட்டும்" என்று இறங்கிவிட்டார்.

குஞ்சுகள் பறப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் அவர் முழங்கால்கள் வீங்கின. தை பிறந்தபோது கன்று ஆளுயரம் வளர்ந்து, சுவரில் கை நுழையும் அளவு வெடிப்பு கண்டிருந்தது.

பூக்கடைக் கொழும்பையா சந்நிதித் தெருவே கேட்கக் கத்தினார். "ஓய் சிவனணைஞ்சாரே! புறாவுக்கு எரங்கி சாமி கோவுரத்தப் பொளந்துட்டீரே வே! இனி அந்தப் புறாதான் வந்து பிடுங்கணுமோ?"

சிரித்தவர்கள் பலர். தம் இரக்கமே பெருமானுக்குக் கேடாக முடிந்ததே என்ற எண்ணம் சிவனணைந்தாரைத் தின்றது.

மறுநாள் மாலை ஏணியைச் சாத்தினார். நான்காம் படியில் தொடை நடுங்கியது. ஏழாம் படியில் முழங்கால் மடங்க மறுத்தது. கையால் காலைத் தூக்கி எட்டாம் படியில் வைத்தார், அது நிற்கவில்லை. ஏணியைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"முருகா, இந்த ஒடம்பத் தவிர எங்கிட்ட என்னய்யா இருந்துச்சு? அதுவும் போச்சே. இனி நான் ஒனக்கு எதுக்கு?"

உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். ஏணியை எடுக்கவும் வலுவில்லாமல் அங்கேயே விட்டுவிட்டுப் போனார். அன்று அவர் வீட்டில் உலை வைக்கவில்லை.

விடியற்காலை அபிஷேகத்தில் பெருமான் திருவடியைத் தேய்த்த குருக்கள் திகைத்து நின்றார். கல்லாலான கணைக்கால் இரண்டிலும் குறுக்கே ஒரு கறுத்த தழும்பு. எண்ணெயிட்டும் போகவில்லை. திருவிரல் நகங்களில் கோபுரச் சுவரின் காரைப்பொடி ஒட்டியிருந்தது.

வெளியே ஏணியடியில் அரசங்கன்று ஆணிவேரோடு கிடந்தது. கிளையில் இருந்த வெறுங்கூட்டில் ஒரு குச்சியும் கலையவில்லை.

செய்தி கேட்டுத் தவழாத குறையாக வந்த சிவனணைந்தார், அந்தத் தழும்பைக் கண்டதும் தம் காலை வேட்டியால் மூடிக்கொண்டார். "ஐயோ, ஒனக்கு வலிச்சிருக்குமே" என்பதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

கொழும்பையா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, இனிமே நான் ஏறுதேன். நீங்க ஏணியப் பிடிச்சுக்கிட்டா போதும்."

சிவனணைந்தாரின் முழங்கால்கள் பின்னும் தேறவில்லை. வாழ்நாள் முடிய ஏணியடியிலேயே தொண்டு செய்தார். ஒரு கூட்டைக் கலைக்க மனமில்லாத அந்த நல்லவரின் வலியைத் தன் காலில் ஏற்றுக்கொண்டான் முருகன். அவர் தழும்பேறிய கால்களை நாமும் வணங்குவோம்.