பின்வாசல் காலியாக இருந்தது

குழந்தைசாமிக்கு வயது ஐம்பத்தேழு. அவருடைய குருவுக்கு நாற்பத்திரண்டு.

மில்லில் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் ரெஜினாவிடம் தொழில் கற்க வந்து சேர்ந்தார். கம்பெனி கம்பெனியாகப் போய், தீ பிடித்தால் எங்கே பிடிக்கும், யார் தப்புவார்கள், யார் சாவார்கள் என்று முன்கூட்டியே பார்த்து எழுதித் தருவதுதான் அந்தத் தொழில். போகிற இடத்தில் காபி கொடுப்பார்கள். மனதுக்குள் எப்போது போய்த் தொலைவார்கள் என்று இருக்கும்.

ரெஜினா அதற்கு முன்னால் தீயணைப்புத் துறையில் இருந்தவர். அதை ஏன் விட்டார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கிற மாதிரி முகம் இல்லை அவருக்கு.

குரு சீடனை "சார்" என்பார். சீடன் குருவை "மேடம்" என்பார். அதில் இருவருக்கும் சங்கடம் இல்லை.

அன்று போனது திருப்பூருக்கு வெளியே ஒரு பனியன் கம்பெனி. கீழே குடோன், மாடியில் வேலை. முதலாளி சென்னியப்பன். ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக்காரர்கள் தீ பாதுகாப்பு அறிக்கை கேட்டிருந்தார்கள். அறிக்கை இல்லாவிட்டால் ஆர்டர் இல்லை. ஆர்டர் இல்லாவிட்டால் மாடியில் வேலை செய்யும் பெண்கள் தீபாவளிக்கு முன்னால் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

வரும் வழியில் குழந்தைசாமி வண்டியை நிறுத்திக் கண்ணாடி வளையல் வாங்கினார். மகளுக்கு ஏழாம் மாதம். வெள்ளிக்கிழமை வளைகாப்பு. செய்தித்தாளில் சுற்றித் தோள்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

"இன்னைக்கு நீங்க பாருங்க சார்," என்றார் ரெஜினா. "நான் கூட வர்றேன், அவ்வளவுதான்."

செருப்பைக் கீழே விட்டுவிட்டுத்தான் மாடிக்கு ஏற வேண்டும். துணி அழுக்காகிவிடும் என்று அங்கே அது வழக்கம். முன்படிக்கட்டின் அடியில் பெண்களின் செருப்புகள் குவிந்து கிடந்தன. அதற்கு மேலே மின்சார மெயின் போர்டு. போர்டை ஒட்டி வெட்டிப்போட்ட கழிவுத் துணி, மூட்டை மூட்டையாக.

குழந்தைசாமி போர்டைத் திறந்து பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"புடிச்சா இங்கதானுங்க புடிக்கும் மேடம். புடிச்சா படி பூரா பொகை. ஒருத்தரும் இந்த வழியா எறங்க முடியாது."

"அப்புறம்?"

"மேல வாங்க, பாத்துருவோம்."

மாடியில் கால் வைக்க இடமில்லை. மேஜைக்கு அடியில் பண்டல், ஜன்னலை மறைத்துப் பண்டல், கழிவறைக் கதவு வரைக்கும் பண்டல். பெண்கள் நடுவில் புகுந்து புகுந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

ஆனால் பின்பக்கம் ஒரு கதவு இருந்தது. அதன் முன்னால் ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு இடம் வெறுமனே கிடந்தது. குழந்தைசாமி கதவைத் தள்ளினார். பூட்டு இல்லை, வெளிப்பக்கமாகத் திறந்தது. மேலே பச்சை விளக்கு எரிந்தது. வெளியே கெட்டியான இரும்புப் படி, நேராக மைதானத்துக்கு.

குழந்தைசாமிக்கு மனசு நிறைந்துவிட்டது.

"இத்தன கம்பெனி பாத்தமே, இப்பிடி ஒரு பின்வாசலப் பாத்தமுங்களா? முன்னாடி புடிச்சாலும் எல்லாரும் இப்பிடி எறங்கிப் போயிருவாங்க. மூட்டைய மட்டும் எடுக்கச் சொல்லிட்டு, ஆபத்து மிதம்னு எழுதி, கையெழுத்துப் போட்டர்லாமுங்க."

"போட முடியாது."

"ஏனுங்க?"

"இவ்வளவு இடம் ஏன் காலியா இருக்கு?"

"தடை இருக்கக் கூடாதுன்னு வுட்டிருக்கறாங்க."

"கழிவறை வாசல்ல கூட பண்டல் அடுக்கற மனுஷன், இங்க மட்டும் ஏன் விட்டாரு?"

குழந்தைசாமி கூடவே வந்த முதலாளியைப் பார்த்தார்.

"சட்டத்த மதிக்கறவனுங்க நான்," என்றார் சென்னியப்பன்.

"தரையைப் பாருங்க சார்," என்றார் ரெஜினா.

தரையில் தூசி படிந்திருந்தது. தூசியில் குழந்தைசாமியின் காலடித் தடம் மட்டும் இருந்தது.

ரெஜினா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போனார். படி தொடங்குகிற இடத்தில் நடுவாகப் போட்டு உட்கார்ந்தார்.

"தீ ஒத்திகை மணி அடிக்கச் சொல்லுங்க."

மணி அடித்தது. பெண்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு முன்வாசலுக்கு வந்தார்கள். வந்து நாற்காலியின் முன்னால் நின்றார்கள். முதலில் நின்றவள் செக்கிங்கில் இருக்கும் ருக்குமணி.

"மேடம், கொஞ்சம் நகருங்க. ஒத்திகை நடக்குது."

"நான்தாம்மா தீ," என்றார் ரெஜினா. "கீழ போர்டு வெடிச்சு மேல வந்துட்டேன். இந்த வழி கிடையாது."

சிரித்தார்கள். "தீ நல்லா சேல கட்டியிருக்குது," என்றாள் ஒருத்தி. மறுபடியும் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. பின்கதவு திறந்தே இருந்தது. அங்கிருந்து வந்த காற்று அவர்களுடைய முந்தானையையும் துப்பட்டாவையும் அசைத்தது. ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.

குழந்தைசாமி கையைத் தட்டினார்.

"அம்மிணி, பின்னால போங்க! தொறந்து கெடக்குது பாருங்க!"

யாரும் அசையவில்லை.

பின்வரிசையில் இருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். "மன்னிச்சுக்கங்க மேடம்" என்று சொல்லி, சேலையை ஒடுக்கிப் பிடித்துக்கொண்டு, நாற்காலிக்கும் சுவருக்கும் இடையில் பக்கவாட்டில் நுழைந்து இறங்கினாள். அவள் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் வரிசையாக எல்லோரும். ரெஜினாவின் மேல் கால் பட்டுவிடக் கூடாது என்று ஒவ்வொருத்தியும் கவனமாகத் தாண்டினாள். அத்தனை மரியாதையாக அத்தனை பேரும் தீக்குள் நடந்து போனார்கள்.

கடைசியில் ருக்குமணி மட்டும் நின்றாள்.

"அந்தப் பக்கம் ஏம்மா போகல?" என்று கேட்டார் ரெஜினா.

ருக்குமணி முதலாளியைப் பார்த்தாள். அவர் ஃபேனைப் பார்த்தார்.

"மரகதம் போன வழிங்க அது."

"யாரு மரகதம்?"

"என்ற பக்கத்து மேஜைங்க. போன வருசம் ஆனியில, பீஸ் பாத்துட்டு இருக்கறப்பவே நெஞ்சப் புடிச்சுட்டுச் சாஞ்சுட்டா. மொதலாளி ஜோசியர்கிட்டக் கேட்டாரு. அவரு அடைப்புன்னு சொல்லிட்டாரு. சரக்கு போற முன்வழியா பொணத்தக் கொண்டுபோகக் கூடாதுன்னு, பின்படி வழியா எறக்குனாங்க."

சில நட்சத்திரங்களில் இறந்தால் அடைப்பு என்பார்கள். இறந்தவர் போன வழியில் இன்னொருவரைத் துணைக்குக் கூப்பிடுவார் என்று பயம். வீடாக இருந்தால் இறந்த அறையையே மாதக்கணக்கில் மூடிவைப்பார்கள். கம்பெனியில் கதவை மூட முடியாது. அதனால் ஆட்கள் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டார்கள். பண்டல் வைக்கக்கூட யாரும் போகவில்லை. குழந்தைசாமி பார்த்துச் சந்தோஷப்பட்ட இடம் அதுதான்.

"ஆறு மாசம் அடைப்புங்க. அதெல்லாம் எப்பவோ முடிஞ்சுது," என்றார் சென்னியப்பன். "எலுமிச்சம்பழமும் அறுத்தாச்சு."

"அதுக்கப்புறம் நீங்க அந்த வழியா இறங்கியிருக்கீங்களா?" என்று கேட்டார் ரெஜினா.

"எனக்கு முட்டி வலிங்க."

ருக்குமணி குழந்தைசாமியின் பக்கம் திரும்பினாள். இருவரில் இளகக்கூடியவர் யார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க சார். தீ என்ன, தெனமுமா புடிக்குது? வயிறு தெனமும் பசிக்குதுங்களே."

சொல்லிவிட்டு, அவளும் நாற்காலியை ஒட்டி நுழைந்து கீழே போனாள்.

குழந்தைசாமிக்கு மனசு தாளவில்லை.

"மேடம், இது வெறும் ஒத்திகைங்க. நெஜமாத் தீ புடிச்சா ஓடிருவாங்க. உசுருக்கு முன்னால அடைப்பாவது ஒண்ணாவது."

ரெஜினா நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னார்.

"டிபார்ட்மென்ட்ல இருந்தப்ப ஒரு குடோன்ல ஏழு பேரைப் பொணமாத் தூக்கினேன் சார். எல்லாரும் முன்வாசல்ல, ஒருத்தர் மேல ஒருத்தர். பின்வாசல் திறந்துதான் இருந்துச்சு. நாங்களே அது வழியாத்தான் உள்ள போனோம்."

"அவங்க ஏனுங்க அப்பிடிப் போகல?"

"அதை யாருகிட்டக் கேக்கறது?"

குழந்தைசாமி கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஆனாலும் விடவில்லை.

"கதவு இருக்குதுங்க. தொறக்குதுங்க. நாம கதவத்தானுங்க பாக்கோணும். மனுசன் மனசுக்குள்ள பூந்தா பாக்க முடியும்?"

ரெஜினா நாற்காலியை விட்டு எழுந்தார்.

"சரி சார். கையெழுத்துப் போட்டுடலாம். அந்தப் படி வழியா ஒரு தடவை இறங்கி வாங்க. நான் கீழ நிக்கறேன்."

அவரே வெறுங்காலோடு பின்வாசலைத் தாண்டி, படியில் இறங்கிப் போய், மைதானத்தில் நின்றார். ஒத்திகை முடிந்து மேலே வந்துகொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"அவங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க. அவங்களுக்கு அதெல்லாம் இல்லீங்க," என்று சென்னியப்பன் முணுமுணுத்தார்.

குழந்தைசாமி கதவருகே போனார். படியில் தூசி. தூசியில் ஒரே ஒரு ஆளின் காலடி, கீழ் நோக்கி. நல்ல வெயில். தீ இல்லை, புகை இல்லை, யாரும் விரட்டவில்லை. இந்த மனிதர் மில்லில் ராகுகாலம் பார்க்காமல் மெஷின் ஓட்டியவர். ஜாதகம் பார்க்காமல் மகளுக்குக் கல்யாணம் செய்தவர்.

வலது காலை எடுத்து வைத்தார். பையில் வளையல்கள் உரசிச் சத்தம் கேட்டது.

காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

மறுபடியும் முயன்றார். மகளின் முகம்தான் வந்தது. கையில் வளையலும், வயிற்றில் பிள்ளையுமாக. ஒரு படிதான், இறங்கிவிடலாம், இவ்வளவு பேர் பார்க்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். கால் கேட்கவில்லை. அவருக்கு அழுகை வருகிற மாதிரி வெட்கமாக இருந்தது.

"மேடம்," என்று மேலேயிருந்து கூப்பிட்டார். "செருப்பு முன்னால கெடக்குதுங்க. எடுத்துட்டு வந்தர்றேன்."



அவர் திரும்பி நடந்தார். பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். யாராவது சிரித்திருந்தால்கூடத் தேவலை. ஒருத்தியும் சிரிக்கவில்லை. ஏன் திரும்பினார் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. ருக்குமணி மட்டும், ஆறுதலாக, "பாத்துப் போங்க சார்," என்றாள்.

முன்படியில் இறங்கினார். மெயின் போர்டைத் தாண்டினார். கழிவு மூட்டை தோளில் உரசியது. செருப்புக் குவியலில் தன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். ரெஜினாவின் செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு, கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனார்.

ரெஜினா சுடுமண்ணில் அதே இடத்தில் நின்றிருந்தார். குழந்தைசாமி குனிந்து செருப்பை அவர் காலடியில் வைத்தார். அவர் போட்டுக்கொண்டார்.

மாடியில் மெஷின்கள் ஓடத் தொடங்கின. பின்வாசல் இன்னும் திறந்தே இருந்தது. பச்சை விளக்கு எரிந்தது.

குழந்தைசாமி அறிக்கையை எடுத்தார். பேனாவைத் திறந்தார். எழுதவில்லை.

"ஒரு வழிதான்னு எழுதுனா ஆர்டர் போயிருமுங்க மேடம். மேல இருக்கற புள்ளைங்க..."

மாடியை அண்ணாந்து பார்த்தார்.

"வெளிய போறதுக்கு எத்தன வழின்னுங்க எழுதட்டும்?"

"நீங்க இப்ப எந்த வழியா வந்தீங்களோ, அதை மட்டும் எழுதுங்க சார்," என்றார் ரெஜினா.