மடைக்கல்

ஆனைமடு என்றொரு பாளையம் இருந்தது. சின்னதுதான். ஒரு ஏரி, ஒரு அரண்மனை, ஏரித் தண்ணீரை நம்பிச் சில ஊர்கள். அதை ஆண்ட அரசர் செவ்வந்தியப்பர். நல்ல மனிதர். தம்பி விஷயத்தில் மட்டும் கண் தெரியாது.

அங்கே ஒரு வழக்கம். ஏரித் தண்ணீர் முறை வைத்துத்தான் பாயும். முறை தவறி மடையைத் திறந்தவன் மடையோரம் கிடக்கும் மடைக்கல்லின் மேல் ஏறி, "நான் திறந்தேன்" என்று சொல்ல வேண்டும். அவனால் இழந்தவர்கள் ஒவ்வொருவராக எதிரே வந்து, என்ன போயிற்று என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்வார்கள். கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை அவன் நிற்க வேண்டும். பதில் பேசக் கூடாது. அவ்வளவுதான். அடி கிடையாது, அபராதம் கிடையாது. அடியே தேவலை என்று சொல்லி இறங்கியவர்கள் உண்டு.

வேறு குற்றத்துக்கும் இதே கல்தான், இதே முறைதான். அரண்மனைக்காரர் யாரும் அதில் ஏறியதில்லை.

அந்த வருஷம் கதிர் பால் பிடிக்கிற சமயம். ஊர் மொத்தமும் தேர் பார்க்கப் போயிருந்தது. அரசரின் தம்பி பூவலிங்கம் ஆட்களோடு வந்து மடையைத் திறந்தான். அவன் மாமனார் வீட்டார் விருந்துக்கு வந்திருந்தார்கள். அவர்கள் படகு விட்டு விளையாட, அரண்மனை அல்லிக்குளம் நிரம்ப வேண்டும். நிரம்பியது. படகும் விட்டார்கள். கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் எட்டவில்லை. கதிரெல்லாம் பதராகிப் போனது.

யார் செய்தது என்று ஊருக்குத் தெரியும். மழை இல்லாமல் குளம் எப்படி நிரம்பும்?

ஆனால் மந்திரி, மடைக்காவல் அய்யாவுவைப் பிடித்துத் தொழுமரக் கட்டையின் துளையில் கால் மாட்டினார். மறுநாள் காலை அய்யாவு கல்லில் ஏறி, தானே திறந்ததாகச் சொல்ல வேண்டும். காவல்காரனே திறந்ததால், பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊரை விட்டும் போக வேண்டும். மந்திரி இதைச் சொன்னபோது அரசர் தலையை அசைத்தார்.

அசைத்த பிறகு சோறு இறங்கவில்லை. பல்லக்கை அடிவாரத்தில் நிறுத்திவிட்டுக் கரட்டின் மேல் ஏறினார். அங்கேதான் அவருடைய குரு இருந்தார். கரட்டுச் சாமி என்பார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர்.

சாமி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

"வா செவ்வந்தி. இளைச்சுட்டியே."

"தூக்கம் இல்லை சாமி."

"உட்காரு. கேப்பைக் கூழ்தான். உப்பு கம்மி."

"சாமி, ஒண்ணு கேட்கணும்."

"குடிச்சுட்டுக் கேளு."

அரசர் குடித்தார். உப்பே இல்லை. சொல்லவில்லை.

"நியாயமும் தப்பக் கூடாது, வீட்டு மானமும் போகக் கூடாது. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

"மடையைத் திறந்தது யாரு?"

அரசர் சட்டியைப் பார்த்தார்.

"நம்ம பூவுதானே?"

"தாய் முகமே பார்க்காதவன் சாமி. என் தோள்லதான் வளர்ந்தான்."

"இப்போ என்ன வயசு?"

"நாற்பது."

"இன்னும் இறக்கி விடலையா?"

அரசருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. சாமி மேல்துண்டை எடுத்து நீட்டினார்.

"கடைமடை ஆளுங்க வாய் உங்களுக்குத் தெரியாது சாமி. கிழிச்சுடுவாங்க. அவன் தாங்க மாட்டான்."

"அய்யாவு தாங்குவானா?"

"அவனுக்குப் பக்கத்துச் சீமையில வீடு, மாடு எல்லாம் ரகசியமா ஏற்பாடு பண்ணிட்டேன். ஒரு குறையும் வைக்க மாட்டேன்."

"அவன் கேட்டானா?"

"இல்லை."

சாமி சட்டியை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தார்.

"வழி கேட்டேனே சாமி."

"இருட்டுறதுக்குள்ள இறங்கு. பாறை வழுக்கும்."

மறுநாள் காலை ஏரிக்கரையில் கூட்டம் தாங்கவில்லை. பந்தலில் அரசர், பக்கத்தில் தம்பி, பின்னால் மந்திரி. அய்யாவுவைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். கால் வீங்கி இருந்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை.

அவர் கல்லில் கால் வைப்பதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கரட்டுச் சாமி வந்தார். ஊருக்குள் இறங்கிப் பல வருஷம் ஆகிறது. தடியை ஊன்றி, மூச்சு வாங்க, கல்லில் ஏறினார். நிமிர்ந்து நின்றார்.

"நான் திறந்தேன்."

கடைமடைக்காரி தாயாரம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நல்லா இருக்கே கதை! இந்தச் சாமி ஏறி வந்ததே பெரிசு. இது மடையைத் திறந்துச்சாம்!"

கூட்டம் சிரித்தது. அரசர் பந்தலிலிருந்து ஓடி வந்தார்.

"சாமி, இறங்குங்க. வெயில் ஏறுது."

"இழந்தவங்களை வரச் சொல்லு. நிக்கிறேன்."

"நீங்க திறக்கலை சாமி."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அரசர் மந்திரியைத் திரும்பிப் பார்த்தார். மந்திரி ஏரியைப் பார்த்தார்.

"அய்யாவு திறந்தான்னு சொன்னாங்க. உடனே ஒத்துக்கிட்டே. நான் திறந்தேன்னு நானே சொல்றேன். ஏன் ஒத்துக்க மாட்டேங்கிறே?"

"சாமி, எல்லார் முன்னாலயும் இப்படி..."

"எப்படித் தெரியும்னு சொல்லு. இறங்கிடறேன். இல்லேன்னா தள்ளி நில்லு. பேச வர்றவங்களுக்கு மறைக்கிறே."

யாரும் பேச வரவில்லை. சாமி நின்றார். வெயில் ஏறியது. அவர் முழங்கால் நடுங்க ஆரம்பித்தது. தடியை மாற்றிப் பிடித்தார். அப்போதும் நடுங்கியது. அரசரால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"திறந்தது என் தம்பி" என்றார்.

"கேக்கலை மகாராசா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"என் தம்பி! பூவலிங்கம்! அவன்தான் திறந்தான்!"

சாமி கையை நீட்டினார். அரசர் தோள் கொடுத்து இறக்கினார்.

பந்தலில் தம்பி எழுந்து நின்றான். முகத்தில் ரத்தம் இல்லை.

"அண்ணா?"

"வாடா" என்றார் அரசர். "நான் பக்கத்துலதான் நிப்பேன். வா."

வந்தான். கல்லில் ஏறினான். குடைக்காரனும் வெள்ளைக்குடையை விரித்துக்கொண்டு பின்னாலேயே ஒரு காலைத் தூக்கி வைத்தான். பழக்கம்.

"ஏ, குடை!" என்றாள் தாயாரம்மாள். "நீயுமா திறந்தே?"

குடை மடங்கியது.

"நான் திறந்தேன்" என்றான் பூவலிங்கம்.

தாயாரம்மாள்தான் முதலில் போனாள்.

"சின்னதுரை, எங்க வீட்டுல சாவு விழுந்த அன்னிக்கும் தண்ணி முறை எங்களுக்கு. பாய்ச்சிட்டுத்தான் பாடை எடுத்தோம். அந்த வயல்ல இப்போ மாடு மேய விட்டேன். மாடு மோந்து பார்த்துட்டு வந்துடுச்சு. உங்க படகு நல்லா ஓடுச்சுங்களா?"

"நான் என்ன நினைச்சேன்னா..."

"பேசக் கூடாது துரை."

அடுத்து ஒருவர் வந்தார். மடியிலிருந்து ஒரு கை பதரை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார். காற்று அதைக் கொண்டுபோனது. அவன் கையை மூடாமல் அப்படியே நின்றான்.

வசை வந்தது, கேலி வந்தது, அழுகை வந்தது. அவன் நிமிர்ந்துதான் நின்றான். அரண்மனைப் பழக்கம். அப்புறம் ஒரு கிழவர் வந்தார். கோபமே இல்லாமல் சொன்னார்.

"நீங்க பிறந்தப்போ எங்க தெருவுக்கெல்லாம் நாங்க கரும்பு கொடுத்தோம் துரை."

வேறு எதுவும் சொல்லவில்லை. போய்விட்டார். அப்போதுதான் அவன் தலை குனிந்தது.

வெயில் சாயும்போது கடைசி ஆள் பேசி முடித்தார். பூவலிங்கத்துக்கு இறங்கத் தெரியவில்லை. கால் மரத்துவிட்டது. அதுவரை அவனைத் திட்டிக்கொண்டிருந்த அதே ஆள் கையை நீட்டினார்.

"பார்த்து வாங்க துரை. கீழே பாசி."

அரசர் தம்பியைக் கட்டிக்கொண்டார். தானே தண்ணீர் மொண்டு கொடுத்தார். நிழலில் உட்கார வைத்துவிட்டு, வேப்பமரத்தடியில் இருந்த சாமியிடம் வந்தார்.

"மானம் போயிடும்னு பயந்தேன் சாமி. கை கொடுத்து இறக்குறாங்களே!"

"பார்த்தேன்."

"இனிமே அவன் திருந்திடுவான்."

"அவன் பாடு அது."

"எல்லாம் முடிஞ்சுது. இல்லையா சாமி?"

சாமி கரைப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே அய்யாவு உட்கார்ந்திருந்தார். மரம் இறுக்கிய கணுக்காலை அவர் பெண்டாட்டி நீவிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் சுற்றிலும். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"அவன் இன்னும் பேசலை" என்றார் சாமி.

"அவனுக்கு வயலே இல்லையே சாமி. தம்பி மடையைத் திறந்ததுல அவனுக்குப் போன பயிர் எதுவும் இல்லையே."

"அதான் உன் தம்பி நிக்கும்போது எழுந்து வரலை."

அரசர் அய்யாவுவைப் பார்த்தார். அய்யாவுவும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நேரமாக.

அரசர் தலைப்பாகையைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சாமி அதை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"சாமி..."

"ஏறு செவ்வந்தி. அவன் முடிக்கிற வரைக்கும் நான் இங்கேதான் இருப்பேன்."