நீலிமடுத் துறையில் தப்பியவர்கள்

பதிலை அவசரப்பட்டுச் சொல்லிவிடாதவர்களுக்கு மட்டும் இந்தக் கதை.

ஆற்றின் ஒரு கரையில் கோட்டை, மறுகரையில் சோளக்காடுகள் சூழ்ந்த ஓர் ஊர். இரண்டுக்கும் நடுவே நீலிமடு என்னும் துறையில் வீராயி பரிசல் ஓட்டினாள். அந்தத் துறைக்கு ஒரு முறை உண்டு. எந்தக் கரையில் யார் நின்று கைதட்டினாலும் பரிசல் போயாக வேண்டும். பேர் கேட்கக் கூடாது. ஏற்றியவரை நடு ஆற்றில் திருப்பக் கூடாது. இறங்கியவர் போன வழியை யாருக்கும் சொல்லக் கூடாது. வெள்ளக் காலத்திலும் சண்டைக் காலத்திலும் அது மாறியதில்லை.

கோட்டைக்கும் ஒரு சட்டம் இருந்தது. கைதியைத் தப்பவிட்ட காவலன் அந்தக் கைதியின் அறையில் அடைபட வேண்டும்.

சிறைக்காவலன் மருதப்பன் வெகுகாலம்வரை யாரையும் தப்பவிட்டதில்லை. வீராயியின் அண்ணன் சடையன் அவன் காவலில்தான் செத்தான். தன் சோளத்தை மேய்ந்த கோட்டைக் குதிரையைப் பிடித்துக் கட்டிப்போட்டதுதான் சடையன் செய்த குற்றம். வீராயி தினமும் கஞ்சிக் கலயத்தோடு கோட்டை வாசலில் போய் நிற்பாள். "வச்சுட்டுப் போ, நிக்காதே" என்று உள்ளிருந்து ஒரு குரல் வரும். குரலுக்குரிய முகத்தை அவள் கண்டதில்லை. ஒருநாள் கஞ்சி தொடப்படாமலே கலயம் திரும்பி வந்தது.

அது நடந்து ஒரு மழைக்காலம் போன பிறகு, பொழுது சாய்கிற நேரத்தில் கோட்டைக் கரையில் யாரோ கைதட்டினார்கள். துண்டால் முகத்தை மூடிய ஒருவன் முழங்கால் நீரில் நின்றிருந்தான்.

"நடுவுல உக்காருங்க. ஓரமாப் போனா கவுந்துரும்" என்றாள் வீராயி.

பாதி ஆறு வந்ததும் அவன் வாய் திறந்தான். "சீக்கிரம் போ, நிக்காதே."

வீராயி துடுப்பை மடியில் வைத்துவிட்டாள். பரிசல் தன்னைத்தானே சுற்றத் தொடங்கியது.

"துண்டை எடு."

எடுத்தான். அகலமான, களைத்த முகம்.

"நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியுது. கலயக்காரி."

"உன் கோட்டையை விட்டு நீயே ஓடுறியா?"

"ஒருத்தன் கூரையைப் பிரிச்சுட்டுப் போயிட்டான். இப்ப அந்த அறைக்குள்ள நான் போகணுமாம்."

"போக வேண்டியதுதானே. எங்க அண்ணனை வச்ச எடம், உனக்கு மட்டும் கசக்குதா?"

"அதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். அதான் ஓடுறேன்."

"அவன் கடைசியா என்ன கேட்டான்?"

"கதவைத் திறக்கச் சொன்னான். சாவி என்கிட்டதான் இருந்துச்சு. உத்தரவு இல்லை."

வீராயி சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை அது. "இப்ப மட்டும் யாரு உத்தரவு குடுத்தா?"

மருதப்பன் தண்ணீரைப் பார்த்தான். "தள்ளணும்னா தள்ளிவிட்டுரு. எனக்கு நீச்சல் தெரியாது. சுத்தவிட்டு வேடிக்கை பாக்காதே."

ஒரு காலை ஓரத்தில் ஊன்றி அழுத்தினால் போதும். அவள் கால் அந்த ஓரத்திலேயே இருந்தது. அப்போது கோட்டைக் கரையில் இன்னொரு கைதட்டல் கேட்டது. மருதப்பனைத் தேடி வந்த காவல் தலைவன் கோம்பையா அங்கே தனியாக நின்றிருந்தான்.

வீராயி துடுப்பை எடுத்தாள். "துறையோட முறை உன்னைக் கரை சேக்கச் சொல்லுது. நானாச் செய்யல. அதை மனசுல வச்சுக்க."

மறுகரையில் சடையனின் மனைவி குப்பாச்சி புல் அறுத்துக்கொண்டிருந்தாள். பரிசல் தரை தட்டியதும் வீராயி சொன்னாள்:

"மதினி, இவன்தான் மருதப்பன். என் வேலை முடிஞ்சுது. இனி உன் பாடு."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் கோம்பையாவை ஏற்றிவரப் போய்விட்டாள். காத்திருப்பவனை ஏற்றிவருவதும் முறைதானே.

மருதப்பன் சேற்றில் சறுக்கி மண்டியிட்டு விழுந்தான். குப்பாச்சியின் அரிவாள் அவன் கழுத்தருகே வந்து நின்றது. சுற்றிலும் ஆள் இல்லை. அவளை ஏன் என்று கேட்கவும் அந்த ஊரில் ஆள் இல்லை.

"வெட்டு. யாரு தடுக்கப் போறா?" என்றான் அவன்.

"நீ செத்தா எனக்கு நல்லாத் தூக்கம் வரும். உன்னால வர்ற தூக்கம் எனக்கு வேண்டாம். போ."

"மன்னிச்சுட்டியா?"

"மன்னிக்கிற மூஞ்சியா இது? போடா."

அவன் ஈரக் காலோடு வரப்பில் ஏறி ஓடினான்.

சற்று நேரத்தில் கோம்பையா வந்து இறங்கினான். "எந்தப் பக்கம் போனான்?" என்று வீராயியைக் கேட்டான்.

"எறங்குனவங்க போன வழியைத் துறைக்காரி சொல்லக் கூடாது. முறை."

குப்பாச்சி நிமிர்ந்தாள். "என்னைக் கேளு. வெட்டலாம்னு அரிவாளை ஓங்கினேன். நான்தான் போகவிட்டேன். வேணும்னா என்னைக் கொண்டுபோய் அடை."

"காவலன் தப்பவிட்டாத்தான் சட்டம். நீ காவலன் இல்லையே." வரப்பில் ஈரத் தடம் பளிச்சென்று தெரிந்தது. கோம்பையா அதை நன்றாகவே பார்த்தான். மருதப்பன் அவனைவிட வாட்டசாட்டமானவன். பிடிக்க முடியாமல் வெறுங்கையோடு திரும்பினால் அந்த அறை கோம்பையாவுக்குத்தான். தலையில் கட்டியிருந்த கோட்டைச் சிவப்புத் தலைப்பாகையை அவிழ்த்தான், புல்லில் போட்டான், தடம் இல்லாத பாதையில் நடந்தான். மருதப்பனையும் அவனையும் அதன் பிறகு யாரும் காணவில்லை.

வீராயி மட்டும் நெடுநேரம் பரிசலை விட்டு இறங்கவில்லை. "உன் கையில விட்டுட்டுப் போனேனே மதினி, இப்படிப் பண்ணிட்டியே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். குப்பாச்சி புல் அறுத்துக்கொண்டிருந்தாள்.

கேட்டவர்களே, அந்தப் பொழுதில் நீலிமடுவுக்கு வந்த நால்வரில் தப்பி ஓடாதவர் யார்?

விடை: ஆண்கள் இருவரும் ஓடினார்கள், பெண்கள் இருவரும் நின்றார்கள் என்று பலரும் சொல்வார்கள். அது பாதி விடைதான். வீராயியும் ஓடியவளே. வெறுப்பு அவளிடம் இருந்தது, வாய்ப்பும் இருந்தது. கொல்வதா விடுவதா என்று தானே முடிவுசெய்ய வேண்டிய இடத்தில் முறைக்குள் புகுந்துகொண்டு, அந்தச் சுமையை மதினியின் தலையில் ஏற்றிவிட்டாள். பிறகு அவளையே குறையும் சொன்னாள். உத்தரவும் முறையும் சட்டமும் பேசிய அந்தக் கரையில் "நான்தான்" என்று சொன்னவள் குப்பாச்சி ஒருத்திதான். அவள் செய்தது சரியா என்று இங்கே கேட்கவில்லை. செய்துவிட்டு அங்கேயே நின்றவள் அவள்.