மூச்சு விட்டா அவுட்டு

"மூச்சு விஷயத்துல எனக்கே பாடம் சொல்லுதியாட்டி?" என்று கேட்டார் செண்பகவல்லி டீச்சர்.

கேட்ட இடம் அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு. நேரம், காலை பத்து மணி. கேட்டது நர்ஸ் இசக்கியம்மாளிடம்.

டீச்சருக்கு முப்பத்தொன்பது வயது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து இதுதான் முதல் பிள்ளை.

இசக்கிக்கு இருபத்தாறு. டீச்சரிடம் ஐந்து வருஷம் கபடி ஆடியவள்.

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்பார்கள். இந்தக் கதையின் குருவுக்குக் கையுறைதான் இருந்தது. அது இசக்கியின் கையில் இருந்தது.

மைதானத்தில் டீச்சருக்கு இரண்டே சட்டம்.

ஒன்று, களத்தில் இறங்குமுன் கோட்டைத் தொட்டுக் கும்பிட வேண்டும். மறந்தவள் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும்.

இன்னொன்று, "மூச்சு விட்டா அவுட்டு." எதிர்ப்பக்கம் பாடிப் போனவள் திரும்பி வரும்வரை மூச்சைப் பிடித்திருக்க வேண்டும் என்பார்.

அதனால் வலி வந்தபோதெல்லாம் டீச்சர் பல்லைக் கடித்து மூச்சைப் பிடித்தார். பக்கத்துக் கட்டில்காரி கத்தினாள். டீச்சர் கத்தவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வயிற்றில் பொருத்திய கருவியில் குழந்தையின் இதயத்துடிப்பு கேட்டுக்கொண்டிருந்தது.

வலி வந்தது. டீச்சர் பிடித்தார். துடிப்பு மெதுவானது.

டாக்டரம்மா வந்து பார்த்தார். "கொஞ்ச நேரம் பார்ப்போம். திரும்பவும் குறைஞ்சா ஆபரேஷன்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இசக்கி, பதினோரு வருசம்ட்டி. இதுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாது."

"ஆகாது டீச்சர். நீங்க மூச்ச விடுங்க."

"விட்டா வலி ஜெயிச்சிரும்லா."

இசக்கி அவரை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். பிறகு கேட்டாள்.

"பாடிப் போறப்ப மூச்சப் பிடிக்கோமா, விடுதோமா?"

"பிடிக்கோம். எத்தன வருசமாச் சொல்லுதேன்?"

"அப்ப இறுக்கிப் பிடிச்சிக்கிட்டு, ஒரே ஒரு கபடி சொல்லுங்க."

டீச்சர் பிடித்தார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கண்ணை உருட்டி இன்னொரு முறை முயன்றார். அப்போதும் வரவில்லை.

மூச்சை விட்டார். 'க' வந்தது.

பக்கத்துக் கட்டில்காரி கத்துவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"அட, இத்தன பிள்ளைகளுக்குத் தப்பாவா சொல்லிக் குடுத்தேன்?"

"நீங்க சொன்னதக் கேட்டு எவளும் ஆடல டீச்சர். நீங்க பாடுனதப் பாத்துத்தான் ஆடுனோம்."

டீச்சர் பதில் சொல்வதற்குள் அடுத்த வலி கிளம்பியது. இசக்கி தன் கையைக் கட்டில் விளிம்பில் வைத்தாள்.

"இதான் கோடு. வலி வரும்போது பாடிக்கிட்டே போங்க. வலி போனதும் கோட்டத் தொட்டுட்டு நல்லா மூச்சு வாங்கிக்கிடுங்க."

"கபடி கபடி கபடி..."

"மெதுவா டீச்சர். உங்களப் பிடிக்க யாரும் நிக்கல."

"கபடி... கபடி..."

போனார். திரும்பி வந்து கையைத் தொட்டார். துடிப்பு குறையவில்லை.

மறுபடியும் போனார். மறுபடியும் வந்தார். வாசலில் வந்து நின்ற டாக்டரம்மா கருவியைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், "பாடட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பகல் ஒன்றரை மணிக்குத் தலை தெரிந்தது.

"இப்ப முக்காதீங்க. ஊதுங்க. அப்படியே விடுங்க."

பழைய பயம் டீச்சரைப் பிடித்துக்கொண்டது. வாய் தானாக இறுகியது.

"விட்டா...?" என்று பல்லுக்கிடையில் கேட்டார்.

"விட்டா பிள்ள அவுட்டு டீச்சர்" என்றாள் இசக்கி.

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு மூச்சும் போனது.

பெண் குழந்தை. வந்த வேகத்தில் வார்டே அதிரும்படி கத்தியது.

இசக்கி துடைத்து, டீச்சரின் நெஞ்சில் போட்டாள். டீச்சர் பிள்ளையைப் பார்த்தார்.

பிறகு கையை நீட்டி, கட்டில் விளிம்பில் இருந்த இசக்கியின் கையைத் தேடித் தொட்டார். தொட்ட விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஐயோ, என்ன டீச்சர் இது?"

"இறங்கும்போது கோட்டக் கும்பிட மறந்துட்டேன்ட்டி" என்றார் டீச்சர்.